எக்ஸ்ரே அக்காவும் சிவப்பு விளக்கும்

சுவிட்சுத் தொழிற்சாலையின் பெண்கள் வாசலில் இருபத்தாறு வருடமாக நின்றவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரே அக்கா என்றால் போதும். வேலை முடிந்து வெளியே போகும் பெண்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தித் தடவிப் பார்ப்பது அவள் வேலை. சுவிட்சுக்குள் வைக்கிற வெள்ளிப் பொட்டு மிளகைவிடச் சின்னது. கொண்டைக்குள் ஒளியும், நாக்குக்கு அடியில் ஒளியும், சாப்பாட்டு டப்பாவின் இரட்டை அடிக்குள் ஒளியும். இத்தனை இடத்தையும் கண்டுபிடித்தவள் அவள்தான். ஒருமுறை ஒருத்தி இருமிய சத்தத்தைக் கேட்டே, "துப்பும்மா" என்றாளாம். மூன்று பொட்டு விழுந்தது. அன்றிலிருந்து வாசல் பக்கம் யாருக்கும் இருமல் வருவதில்லை.

வேலையை வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ரகமும் அல்ல. வாங்கி வந்த முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். மூழ்கினால் நல்ல முட்டை என்பது ஊருக்கே தெரியும். இவள் மூழ்கிய முட்டையையும் ஒருமுறை முறைத்துவிட்டுத்தான் எடுப்பாள். "கல்யாணத்தன்னைக்கே என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தவ இவ" என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்லுவார். அது பாதிதான் உண்மை. தடவிப் பார்த்தது மறுநாள்.

அவர் பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒன்றாகக் கிளம்பி, பஸ் நிலையத்தருகே பிரிந்து, ஆளுக்கொரு கோயிலுக்குப் போவார்கள். அவருடையது பெரிய சபை. வர விரும்புகிறவர்கள் எல்லோரும் வரலாம், மனம் வைத்தால் போதும் என்பது அங்கே பேச்சு. அவளுடையது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில் நாற்பது பேர் கூடும் சின்ன சபை. கீழே கடை வைத்திருப்பவர்தான் மேலே போதகர். உலகம் உண்டாகும் முன்பே ஆண்டவர் தமக்கு வேண்டியவர்களைத் தெரிந்துகொண்டார், அதில் நம்முடைய நல்லது கெட்டதுக்கு வேலையே இல்லை என்று அவர் சொல்வார். யார் யோக்கியர் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவளுக்கு, ஒருவருமே யோக்கியரில்லை என்று சொன்ன சபை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கணவருக்கு அந்தப் போதனை ஆகாது. சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார்.

"எல்லாம் முன்னாடியே முடிவாயிடுச்சுன்னா, நான் எதுக்கு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால எந்திரிக்கணும்?"

"எந்திரிக்கிறதும் முடிவானதுதாங்க."

"தூங்கினா?"

"அதுவும்தான்."

"அப்ப என் போர்வையை எதுக்குடி இழுக்குற? விடு."

சிரித்து முடித்ததும் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார். "என் பஸ்ஸுக்கு யாரு கை காட்டினாலும் நிறுத்துறேன். ஆண்டவர் என்னைவிட மோசமான டிரைவரா?"

"நீங்க நிறுத்துறீங்க, சரி. கை காட்டணும்னு அவன் மனசுல தோண வச்சது யாரு?"

அவர் தட்டைக் கழுவப் போய்விடுவார். வாயடைத்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவளுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் நான் ஒருத்தியா என்ற கேள்வி உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும். அடையாளம் என்ன? போதகரைக் கேட்டால், மனசைச் சோதித்துப் பார் என்பார். சோதிப்பது அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? தினமும் தன் மனசைத் தானே தடவிப் பார்ப்பாள். பொறாமை கிடைக்கும், கோபம் கிடைக்கும், சந்தேகம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். தேடுகிற ஒன்று மட்டும் கைக்கு அகப்படாது. கணவர் அந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். தான் தெரிந்துகொள்ளப்பட்டவரா என்று ஒருநாளும் கவலைப்படாத மனிதர் எப்படி இத்தனை நன்றாகத் தூங்குகிறார் என்பதும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவளுடைய இருபத்தாறாம் வருடத்தில்தான் தொழிற்சாலை வாசலில் பெட்டி வந்தது. அதுவரை யாரைத் திரைக்குள் கூப்பிடுவது என்பதை அவளே முடிவு செய்தாள். "வேண்டாதவங்களைத்தான் கூப்பிடுறா" என்று புகார் மேல் புகார். நிர்வாகம் ஒரு பெட்டியை வாங்கிச் சுவரில் பொருத்தியது. வெளியே போகிற ஒவ்வொருத்தியும் அதன் பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் திரைக்குள் வர வேண்டும். "இனிமே யாருன்னு பெட்டி முடிவு பண்ணும். நீங்க நிம்மதியா இருங்க" என்றார் மேலாளர். அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள், ஒரு மாதம்.

அந்த மாதத்தில் போதகர் தற்செயல் என்ற ஒன்றே கிடையாது என்று பேசினார். மனிதர் சீட்டுக் குலுக்கிப் போட்டாலும், எது மேலே விழும் என்பது ஆண்டவர் கையில் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அவள் போட்டது அந்த முடிச்சு. சீட்டு அவர் கையில் என்றால் விளக்கு மட்டும் யார் கையில்?

இந்தக் கேள்வியோடு அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தியை.

பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த விதவை அவள். அவள் அழுத்தினால் சிவப்பு. நேற்றும் சிவப்பு, இன்றும் சிவப்பு, நாளையும் சிவப்புத்தான் என்று பந்தயம் கட்டலாம். நிறத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லாமல் மற்ற பெண்கள் அவளுக்குச் சிவப்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிவப்பி கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழகினாள். திரைக்குள் வந்ததுமே இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக விரித்துக்கொண்டு, "நல்லாப் பாருங்கக்கா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்பாள். குற்றம் இல்லாதவளுக்கு எதற்கு இத்தனை பொறுமை? எக்ஸ்ரே அக்கா மற்றவர்களை ஒரு நிமிடம் பார்த்தால் இவளை மூன்று நிமிடம் பார்த்தாள். கொண்டையை அவிழ்த்தாள், செருப்பை வளைத்தாள், டப்பாவின் அடியைச் சுரண்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு குண்டூசி கிடைக்கவில்லை.

இதே சிவப்பிதான் மாடிச் சபையின் கடைசிப் பெஞ்சிலும் இருந்தாள். அங்கே ஒரு முறை உண்டு. சபையில் சேர விரும்புகிறவர் ஒரு வருடம் கடைசிப் பெஞ்சில் இருக்க வேண்டும். திருவிருந்தின்போது அப்பம் அந்தப் பெஞ்சுக்கு வராது. வருட முடிவில், அவரைத் தினமும் பார்க்கிற சபையார் ஒருவர் போதகரிடம் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நல்லவர்கள்தான், செவ்வாய்க்கிழமை எப்படி என்பதே கேள்வி. சிவப்பியின் செவ்வாய்க்கிழமையைப் பார்க்கிறவள் அந்த நாற்பது பேரில் எக்ஸ்ரே அக்கா ஒருத்திதான்.

வருடம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, திரைக்குள் டப்பாவை மூடிக்கொண்டே சிவப்பி பேச்செடுத்தாள்.

"அக்கா, ஐயா உங்ககிட்டத்தான் கேப்பாராமே."

"கேட்டா தெரிஞ்சதைச் சொல்லுவேன்."

"எங்க வீட்டுக்காரர் போனப்புறம் ரெண்டு வருஷமா ஒத்தையிலதான் சாப்பிடுறேன்க்கா. ஒருநாள் கண்ணாடி வாங்க வந்தப்ப மாடியில ஒரே அப்பத்தைக் கை மாத்திக் கை மாத்தி நீங்கள்லாம் சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. அங்க போய் உக்காரணும்னு தோணிச்சு. முன்குறிப்பு, தெரிஞ்சுக்கிறது, அதெல்லாம் எனக்குப் பாதி புரியல. அந்தத் தட்டுல என் கையும் படணும். அவ்வளவுதான்."

அதைக் கேட்டு இளகியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இளகியிருப்பார்கள். எக்ஸ்ரே அக்காவோ, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அழுகைக் கதைகளைக் கேட்டவள். கதை முடியும்போது பொட்டு விழும் என்பது அவள் அனுபவம். ஊமை ஊரைக் கெடுக்கும், பணிவு அதைவிடக் கெடுக்கும் என்று நினைத்துக்கொண்டு திரையை விலக்கிவிட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் கடையின் பின்னறையில் போதகர் அவளை உட்காரவைத்தார். எதிர்ச்சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகை தொங்கியது.

"சொல்லுங்க சகோதரி. ஆள் எப்படி?"

"வேலையில குறை இல்லைங்கய்யா. யாரோடயும் சண்டை இல்ல. ஆனா அவளுக்குத் தினமும் சிவப்புத்தான் எரியுது." பெட்டியைப் பற்றி விளக்கிச் சொன்னாள். "முந்நூறு பேர் போற வாசல். எட்டு மாசமா ஒருநாள் தவறாம ஒருத்திக்கே வருதுன்னா? சீட்டு ஆண்டவர் கையிலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

போதகர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேடினதுல ஏதாவது கிடைச்சுதா?"

"இல்லைங்கய்யா. அதுதான் பயமா இருக்கு."

அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் தாம் சொன்னதையே ஒருவர் தம்மிடம் திருப்பிச் சொன்னால் மறுப்பது போதகர்களுக்குக் கஷ்டம். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "இன்னொரு வருஷம் பொறுப்போம். பொறுக்கிறதுல யாருக்கும் நஷ்டம் இல்லையே" என்றார். அவருக்கு நஷ்டம் இல்லைதான்.

திங்கட்கிழமையும் சிவப்பு எரிந்தது. சிவப்பி உள்ளே வந்து நின்றாள். என்ன சொன்னீங்க, ஏன் சொன்னீங்க என்று ஒன்றும் கேட்கவில்லை. நல்லாப் பாருங்கக்கா என்று வழக்கமாகச் சொல்வதை மட்டும் சொல்லவில்லை. எக்ஸ்ரே அக்காவுக்கு அந்த மௌனமும் சந்தேகமாகத்தான் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

பத்து நாள் கழித்துச் சிவப்பி காய்ச்சல் என்று வேலைக்கு வரவில்லை. அன்று மாலை திரைக்குள் வந்தவள் லேபிள் ஒட்டுகிற பெண். ஐம்பது வயதிருக்கும். இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடச் சிவப்பு வராதவள். உள்ளே வந்ததுமே நடுங்கினாள். ஆகா, இன்றைக்கு மாட்டியது என்று எக்ஸ்ரே அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. தோளிலிருந்து கையை இறக்கிக்கொண்டே வந்தாள். வயிற்றுக்கு இடப்பக்கம் மெத்தென்று ஒரு பை தட்டுப்பட்டது.

"இது என்ன? எடு வெளிய!"

"எடுக்க முடியாதுக்கா."

"எடுன்னா எடு!"

அந்தப் பெண் அழுதுகொண்டே மேலங்கியைத் தூக்கிக் காட்டினாள். குடலில் ஆபரேஷன் செய்து, வயிற்றில் துளை போட்டு, அதன் மேல் பை ஒட்டியிருந்தது. அவள் உடம்பின் கழிவு அந்தப் பையில்தான் சேர்ந்தது. எக்ஸ்ரே அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவள் கை சோதனையின்போது பின்வாங்கியது அதுதான் முதல் தடவை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. இன்னைக்கு அவ வரலை, அதான் மாட்டிக்கிட்டேன்."

"எவ வரலை?"

"சிவப்பிதான். ஒன்பதாவது அழுத்துற ஆளுக்குத்தான் சிவப்பு எரியும்க்கா. வந்த புதுசுலயே அவ எண்ணிக் கண்டுபிடிச்சுட்டா. தினமும் எண்ணிக்கிட்டே வந்து ஒன்பதாவதா அவ நிப்பா. அவளுக்கு அடுத்து என்னை நிக்க வைப்பா. அடுத்தது மறுபடி ஒண்ணுலேருந்துதானே? எனக்குப் பச்சை வந்துடும். இன்னைக்கு நானா எண்ணினேன், தப்பிடுச்சு."

எக்ஸ்ரே அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருந்தும் சந்தேகம் சாகவில்லை, அது லேசில் சாகிற பிராணி அல்ல. "எண்ணத் தெரிஞ்சா போதுமே. ரெண்டு பேரும் எட்டாவதாவோ ஏழாவதாவோ நின்னுட்டுப் போகலாமே. அவ எதுக்கு வலிய வந்து மாட்டணும்?"

"நானும் அதேதான் கேட்டேன்க்கா." அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாம நகர்ந்துக்கிட்டா அது வேற ஒருத்திக்கு வரும். அது எவளுக்குன்னு நாம முடிவு பண்ற மாதிரி ஆயிடும், அந்த வேலை நமக்கு வேணாம், எனக்கே வரட்டும்னு சொன்னா."

எக்ஸ்ரே அக்கா அவளை அனுப்பிவிட்டாள். அடுத்தடுத்து வந்தவர்களை எப்படிச் சோதித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. மறுநாள் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் விலக்கி வைத்துக்கொண்டு எண்ணினாள். எட்டுப் பச்சை, ஒரு சிவப்பு. எட்டுப் பச்சை, ஒரு சிவப்பு. இத்தனை மாதமாக இது ஏன் அவளுக்குத் தெரியவில்லை? திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு உள்ளே வருகிறவளைத்தான் தெரியும். வெளியே போகிறவர்களின் கணக்கு அவளுக்கு எங்கே தெரியும்? காய்ச்சல் விட்டு வந்திருந்த சிவப்பி வரிசையில் உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தாள். ஒருத்தியை, "நீ முன்னாடி போம்மா" என்று விட்டாள். தன் இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த லேபிள்காரிக்குப் பச்சை.

பெட்டியின் குட்டை எக்ஸ்ரே அக்கா மேலாளரிடம் சொல்லவில்லை. அந்த வாசல் வழியாக அவள் மறைத்து எடுத்துக்கொண்டு போன ஒரே பொருள் அதுதான்.

அன்று வீட்டுக்குப் போய், நடந்ததைக் கணவரிடம் சொல்லி அழுதாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஏறக்குறைய இருநூறு தடவை அந்த உடம்பைக் கைவைத்துத் தேடியிருக்கிறாள். இருநூறு தடவையும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதையே குற்றமாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இதற்கு ஒரு ஜோக் அடிப்பார், திட்டித் தீர்க்கலாம் என்று பார்த்தாள். அவர் ஜோக் அடிக்கவில்லை. "போய்ச் சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

போய்ச் சொன்னாள். போதகர் மெதுவாக, "அவங்க தானா மனசு வச்சுச் செஞ்சாங்களா, இல்லை அப்படிச் செய்யத்தான் ஆண்டவர் அவங்களை முன்னமே..." என்று ஆரம்பித்தார்.

"அது எனக்குத் தெரியாதுங்கய்யா. நீங்களும் என் வீட்டுக்காரரும் பேசித் தீர்த்துக்கங்க. அவளுக்கு வர வேண்டியதில்லாததை அவ வாங்கிக்கிட்டா. நான் அதைப் பார்த்துக்கிட்டே நின்னு அவளைத் தள்ளி வச்சேன். இது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"சரி சகோதரி. ஆனா ஒருதடவை சொன்னதை மாத்தணும்னா சபை மூப்பர்கள் கூடணும். மூணு மாசம் கழிச்சுத்தான் கூடுவாங்க. அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் கடைசிப் பெஞ்சு."

அவர் தலையாட்டினார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. எக்ஸ்ரே அக்காவின் இடம் இரண்டாம் வரிசையில் ஜன்னலோரம். பதினெட்டு வருடமாக அதே இடம். போதகர் அப்பத்தைப் பிட்டுத் தட்டில் வைத்து முதல் வரிசைக்குக் கொடுத்தார். தட்டு கை மாறிக் கை மாறி வந்தது. பக்கத்திலிருந்தவள் எடுத்துக்கொண்டு தட்டை நீட்டினாள். எக்ஸ்ரே அக்கா அதை வாங்கினாள், ஒன்றும் எடுக்காமல் பின்வரிசைக்குக் கொடுத்தாள், எழுந்தாள்.

முழங்கால் இடித்துக்கொண்டு வெளியே வந்து, நடுவழியில் பின்பக்கமாக நடந்தாள். நாற்பது தலையும் திரும்பின. போதகர், "சகோதரி, உங்க இடம்..." என்றது காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. கடைசிப் பெஞ்சில் சிவப்பி தனியாக, மடியில் கைகோத்துக் குனிந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எக்ஸ்ரே அக்கா வீட்டிலிருந்தே நாலு வாக்கியம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டுச் சிவப்பி நிமிர்ந்தாள். தன்னை நோக்கி வருகிறவள் யார் என்று பார்த்தாள். உடனே எழுந்து நின்றாள். அவள் இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழுந்து, தோளுக்கு நேராக, இரு பக்கமும் விரிந்தன.

எக்ஸ்ரே அக்கா கட்டிக்கொண்டு வந்ததை விட்டுவிட்டு அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"தேட வரலைம்மா" என்றாள். "தள்ளி உக்காரு."